பஞ்சு வச்ச நரம்பு

ஜன்னலைச் சாத்தாதீங்க தம்பி. தூசி வருதுன்னா கர்ச்சீப்பை எடுத்து மூஞ்சியைப் பொத்திக்கிடுங்க. எனக்குக் காத்து வேணும். எட்டு வருஷம் காத்தே படாம மூடி வச்சிருந்த மூஞ்சி இது.

அந்தக் கவரைக் காலுக்கடியில வைக்காதீங்க, மடங்கிரும். ஸ்கேன் படம்தான? கவரைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். காலையில நானும் அங்கதான் இருந்தேன். அதே ஆஸ்பத்திரி, அதே மாடி. யாருக்கு, உங்களுக்கா? அம்மாவுக்கா. தண்டுவடத்துல கட்டியா. ம். எந்த டாக்டரு, மதிவதனியா?

நெனச்சேன்.

நல்ல டாக்டர்னு சொல்லியிருப்பாங்களே. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. என்கிட்டயும் அப்படிச் சொல்லித்தான் அனுப்பினாங்க. இந்தப் பஸ்சு திருமங்கலம் தாண்டி, திருவில்லிபுத்தூர் போய், ராஜபாளையம் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். சும்மாதான வாரீங்க, கேட்டுக்கிட்டு வாங்க. கேட்டுட்டு அப்புறம் உங்கம்மாவை அந்தம்மா கையில குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

என் பேரு வீரபாகு. ஊரு சத்திரப்பட்டி. பேண்டேஜ் துணி நெய்யுற தறி வச்சிருக்கேன். காயத்துக்குச் சுத்துறாங்கல்ல, அந்தத் துணி. ஆபரேஷன் முடிஞ்சு எனக்கு நெனவு வந்ததும் மொதல்ல தலைக்கட்டைத் தடவிப் பாத்து, இது யாரு நெசவு, இழைக்கு இழை இம்புட்டு இடைவெளி இருக்குன்னு நர்சைக் கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே போயிட்டா. நான் சிரிக்கிறதுக்குச் சொல்லலை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமப் போனா எனக்குப் பிடிக்காது.

வலி எப்படி வந்துச்சுன்னு சொல்லணும்ல. சவரம் பண்ணும்போது வந்துச்சு. பிளேடு வலக் கன்னத்துல படவும் கரண்டு அடிச்ச மாதிரி ஒரு வெட்டு. வீட்டுக் கரண்டு இல்ல, தறிக்கு வர்ற கரண்டு. கையில இருந்த கண்ணாடி கீழ விழுந்து ஒடைஞ்சு போச்சு. நான் தரையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல பாத்தா ஒண்ணுமே இல்ல. வந்த சுவடு இல்லாமப் போயிருச்சு. நல்லவேளைன்னு எந்திரிச்சேன். மறுநாள் பல்லு வெளக்கும்போது வந்துச்சு. அப்புறம் சோறு மெல்லும்போது. அப்புறம் வாயைத் திறந்து ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துச்சு. கடைசியில ஃபேன் காத்து கன்னத்துல பட்டாலே போதும். ஈ வந்து உக்காந்தாப் போதும்.

பல்லுன்னு நெனச்சுப் பல் டாக்டர்கிட்டப் போனேன். அவன் ஒரு பல்லைப் பிடுங்கினான். போகலை. அடுத்த பல்லைப் பிடுங்கினான். போகலை. அதுக்கடுத்ததையும் பிடுங்கினான். கரும்பைக் கடிச்சு உரிச்ச பல்லு தம்பி, சொத்தை சொள்ளை எதுவும் கிடையாது. பிடுங்கிட்டு, இது பல்லு வலி இல்ல போலிருக்கேங்கிறான். அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அவனைச் சட்டையைப் பிடிச்சேன். கனகவல்லிதான் நடுவுல வந்து என் கையை விலக்கினா. "அவருக்கு வலிங்க டாக்டர், மனசுல வச்சுக்கிடாதீங்க"ன்னா. கனகவல்லி என் வீட்டுக்காரி.

அதுக்கப்புறம் எட்டு வருஷம் அவ சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அவருக்கு வலி.

வீட்டுல ஃபேனைக் கழட்டிட்டா. எங்க ஊரு வெயிலு உங்களுக்குத் தெரியும். சித்திரை மாசத்துல ஃபேன் இல்லாம, ஜன்னலுக்குக் கோணிச் சாக்கு அடிச்சு, அவளும் மக ரேணுகாவும் வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு சத்தம் இருக்காது. பாத்திரத்தைத் துணி விரிச்சு அது மேலதான் வைப்பா. சோத்தைக் குழைய வடிச்சு, பால் ஊத்தி, கூழு மாதிரி கரைச்சுக் கொண்டாந்து வைப்பா. சூடு கூடிப் போனா வலிக்கும், ஆறிப் போனா வலிக்கும். வலிச்சா நான் தட்டைத் தூக்கி எறிஞ்சிருவேன். எந்த மனுசனும் எறிவான் தம்பி. உங்களுக்கு வந்தா நீங்களும் எறிவீங்க. அவ பொறுக்கி எடுத்துட்டு, ரேணுகாகிட்ட, அப்பாவுக்கு வலி, நீ உள்ள போன்னு சொல்லுவா. என்னைப் பாத்து ஒரு சுளிப்பு சுளிக்க மாட்டா. சும்மா சொல்லக் கூடாது, எட்டு வருஷம் அவ பொம்பளையாத்தான் இருந்தா.

வலிக்கு முன்னாடியா? வலிக்கு முன்னாடி நான் வீட்டுல எங்க இருந்தேன்? விடிஞ்சா தறிக்குப் போயிருவேன், எல்லாரும் படுத்த பெறகு வருவேன். சோறு மூடி வச்சிருக்கும். தறிச் சத்தத்துல ஆளுகளை வையணும்னா உரக்கத்தான் வையணும், என் தொண்டை அப்படியே பழகிருச்சு. வலி வந்தப்புறம்தான் பகல்ல வீட்டுல இருக்க ஆரம்பிச்சேன். அப்பத்தான் வீட்டுல என்னென்ன தப்பு நடக்குதுன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு.

ரேணுகா கல்யாணத்துல என்ன ஆச்சுன்னு கேளுங்க. அக்கினி வெயில்ல துண்டைத் தலையில சுத்தி, காது கன்னம் எல்லாம் மூடி, முக்காடு போட்ட மாதிரி மணவறைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். சம்பந்தக்காரர், மாப்பிள்ளையோட அப்பா, சந்தனக் கிண்ணத்தோட வர்றாரு. வேண்டாம் வேண்டாம்னு கையைக் காட்டுறேன். அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே துண்டை விலக்கிக் கன்னத்துல சந்தனத்தைப் பூசிட்டாரு. அடிச்சுட்டேன். மண்டபத்துல அத்தனை சனம் பாக்க, சம்பந்தக்காரரை ஒரே அறை. நாதஸ்வரக்காரன் வாசிப்பை நிறுத்திட்டான். கனகவல்லி ஓடி வந்து அந்த ஆள் கால்ல விழுந்தா. கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரங்க வீடு ஒவ்வொண்ணா ஏறி எறங்கினா. அவருக்கு வலி, அவருக்கு வலின்னு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. சம்பந்தக்காரரே எனக்குப் பழம் வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போனாரு. நியாயம்தான? வலியில அடிச்சா அது அடியா?

மாத்திரை குடுத்தாங்க. நரம்பு மாத்திரை. அதைத் தின்னா நடக்கையில தரை நழுவும். தறிக்கூடத்துல ரெண்டு தரம் விழுந்தேன். மாத்திரை கூடக் கூட வலி கொறைஞ்ச மாதிரி இருக்கும், அப்புறம் அதையும் தாண்டி வரும். கடைசியில ராஜபாளையத்து டாக்டரு, இதுக்கு மேல என் கையில இல்ல, மதுரைக்குப் போங்கன்னுட்டாரு.

மதுரையில போய்ப் பாத்தா பொம்பளை டாக்டரு. நம்ம ரேணுகாவுக்கு அக்கா மாதிரி இருக்கு. சின்னக் கை. வளையல் கூட இல்ல. தலையைத் திறக்குற வேலைக்கு இந்தக் கையான்னு கனகவல்லி காதுல சொன்னேன். அந்தம்மாவுக்குக் கேட்டிருக்கும் போல, சின்னக் கைதான் வசதி ஐயா, உள்ள எடம் ரொம்பக் கம்மின்னு சொல்லிச்சு. சிரிக்கலை. அதுலயே எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காமப் போச்சு.

படத்தை வெளக்கு மேல வச்சுக் காட்டுச்சு. மூளைக்கு அடியில இருந்து கன்னத்துக்கு வர்ற நரம்பு ஒண்ணு. அது மேல ஒரு ரத்தக் குழாய் வளைஞ்சு படுத்திருக்கு. நாடி துடிக்கத் துடிக்கக் குழாய் நரம்புல உரசுது. உரசி உரசி மேல்தோல் தேஞ்சு போச்சு, அதான் காத்து பட்டாக்கூட நரம்பு அலறுதுன்னு சொல்லிச்சு. சரி, கரண்டு வயர்ல ரப்பர் தேஞ்ச மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். காதுக்குப் பின்னாடி எலும்புல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, உள்ள போய், குழாயை விலக்கி விட்டுட்டு, ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு மாதிரி ஒண்ணை வச்சிருவாங்களாம். உரசாது, வலிக்காது. பஞ்சுன்னா என்ன பஞ்சுன்னு கேட்டேன். தொழில்காரன் கேக்கத்தான செய்வேன். நம்ம பஞ்சு இல்ல, டெஃப்லான்னு சொல்லிச்சு. அந்த வழுக்குற தோசைக்கல்லுல தடவி வருதே, அந்தச் சரக்கு! அதை என் மூளைக்குள்ள வைக்கப் போறேங்குது, நாங்க தலையாட்டணுமாம்.

நூத்துக்கு நூறு சரியாகுமான்னு கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது ஐயா, காது மந்தமாகலாம், கன்னம் மரத்துப் போகலாம், அபூர்வமா உசுருக்கே கூட ஆபத்து வரலாம்னு சொல்லிச்சு. மொகத்துக்கு நேரா சொல்லுது. ஆறுதலா ஒரு வார்த்தை இல்ல. நான் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். எந்திரிச்ச வேகத்துல வலி வந்துருச்சு, மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தம்மா என்னைத் தொடலை. ஃபேனை மட்டும் நிறுத்திட்டு, வலி போற வரைக்கும் பக்கத்துலயே நின்னுச்சு.

அப்பத்தான் கனகவல்லி ஒரு கேள்வி கேட்டா. எட்டு வருஷத்துல டாக்டர்கிட்ட அவ கேட்ட ஒரே கேள்வி. "வலி போயிருச்சுன்னா இவரு சரியாயிருவாராம்மா?"

அந்தம்மா என்ன சொல்லணும்? ஆயிருவாரும்மான்னு சொல்லணும். சொல்லலை. "வலி போகும்னு நம்புறேன். மத்தது எனக்குத் தெரியாதும்மா"ன்னு சொல்லிச்சு. பாத்துக்கிடுங்க. அப்பவே நழுவிருச்சு.

ஆனாலும் பண்ணிக்கிட்டேன். வலி பொறுக்கலை தம்பி. சாகுறதுக்கும் தயாராத்தான் போய்ப் படுத்தேன்.

முழிச்சுப் பாத்தா வலி இல்ல. அது போன எடத்துல ஒண்ணுமே இல்ல. நம்ப முடியாம நாக்கால உள்ளுக்குள்ள தள்ளிப் பாத்தேன், விரலால தொட்டுப் பாத்தேன். அப்புறம் குத்துனேன், நல்லா குத்துனேன். ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வார்டுக்குக் கொண்டாந்தப்ப ஃபேனைப் போடச் சொன்னேன். கனகவல்லி வேண்டாங்கன்னு பயந்தா. போடுன்னு சொன்னேன். காத்து வந்து கன்னத்துல விழுந்துச்சு. அவ பக்கத்துல வந்து, கையை வச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டுட்டு, கன்னத்துல உள்ளங்கையை வச்சா. அழுதா. கை ஈரமா இருக்கு, தொடைச்சுட்டு வைன்னு சொன்னேன். தொடைச்சுட்டு வச்சா. அந்த நாலஞ்சு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. டாக்டரம்மா வந்து பாத்துச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், கும்பிட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததுக்குத்தான் காலையில போய்ச் சண்டை போட்டுட்டு வாரேன்.

வீட்டுக்கு வந்தோம். ஃபேனை மாட்டினா. கோணியைப் பிச்சு எறிஞ்சா. கொழுக்கட்டை செஞ்சா, கறி எடுத்து வறுத்தா, முறுக்கு சுட்டா, எனக்கு என்னென்ன கடிக்க முடியாமப் போச்சோ எல்லாம் செஞ்சா. பாத்திரத்தைச் சத்தமா வைப்பா, பாடிக்கிட்டே வேலை செய்வா. இவளுக்குப் பாட்டு வரும்னே எனக்குத் தெரியாது. ரேணுகா பேத்தியைத் தூக்கிட்டு வந்து தங்கினா. வீடு ஒரே கூச்சல். ஒரு நா மத்தியானம் தட்டுல ரசம் ஊத்தினா. உப்பு இல்ல. தட்டைத் தூக்கி எறிஞ்சேன்.

அவ ஓடி வந்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "வலிக்குதாங்க?"ன்னா.

இல்லடி, வலி எங்க வலிக்குது, ரசத்துல உப்பு இல்லன்னேன். நான் பொய் சொல்ற ஆள் இல்ல. அவ நம்பலை. நிஜமா வலிக்கலையான்னு திரும்பவும் கேட்டா. ஒரு தரம் சொன்னா விளங்காதா, வலி இல்லன்னேன். அவ அப்படியே நின்னா. சிந்தின ரசம் அவ காலுக்கிட்ட வரைக்கும் ஓடி வந்துருச்சு, நகரலை. என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் போய்த் துணி எடுத்துட்டு வந்து தொடைச்சா.

அன்னைக்குப் பிடிச்சது இந்தக் கேள்வி. டிவியைச் சத்தமா வச்சாங்கன்னு வயரைப் பிடுங்கிப் போட்டேன், பேத்தி வீல்னு கத்துச்சு, இவ வந்து வலிக்குதாங்கன்னா. தறியில நூலு அறுந்துக்கிட்டே இருக்குன்னு ஆளை வஞ்சுட்டு வந்து, வீட்டுக் கதவை ஓங்கிச் சாத்துனேன், வலிக்குதாங்கன்னா. ரேணுகாவை, புருஷன் வீட்டுக்குப் போகாம இங்க என்ன வேலைன்னு கேட்டேன், அவளைக் கேட்டதுக்கும் இவ வந்து வலிக்குதாங்கன்னா. ஒவ்வொரு தரமும் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. ஆமான்னு சொல்லியிருந்தா அதோட விட்டிருப்பாளோ என்னமோ. எனக்கு நடிக்கத் தெரியாது தம்பி.

ஒரு கட்டத்துல கேக்குறதை நிறுத்திட்டா. பாட்டும் நின்னு போச்சு. அது எப்ப நின்னுச்சுன்னு நான் கவனிக்கலை.

ஒரு நா ரேணுகா, அம்மாவை ஏம்ப்பா இப்படிப் படுத்துறீங்கன்னு கேட்டுட்டா. பெத்த அப்பனைப் பாத்து. எட்டு வருஷம் வலியில கெடந்தவனுக்கு ஒரு கோவம் வரக் கூடாதான்னு நான் கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லக் கனகவல்லிதான் வந்தா. சத்தம் போடலை. ரொம்ப மெதுவா, மாசக் கணக்கா மனசுக்குள்ள சொல்லிப் பாத்த மாதிரி சொன்னா.

"இத்தனை வருஷமா அந்த நரம்புதான் பேசுதுன்னு நெனச்சேன். நீங்க உள்ள எங்கயோ இருக்கீங்க, வலி போனா வந்துருவீங்கன்னு நெனச்சேன். நீங்க இங்கதான் இருந்திருக்கீங்க."

இதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை. நான் இங்க இல்லாம எங்க இருந்தேன்? எந்திரிச்சு நடமாட முடியாம அந்தக் கட்டில்லதான கெடந்தேன்?

அதுக்கடுத்த வாரம் ரேணுகா மதுரைக்கு, புருஷன் வீட்டுக்குக் கெளம்பினா. கனகவல்லியும் கூடப் பெட்டியைக் கட்டினா. நாலு நாள் பேத்தியோட இருந்துட்டு வாரேன்னு சொன்னா. ரசப்பொடி எங்க இருக்கு, பருப்பு எங்க இருக்கு, எல்லாம் காட்டிட்டுப் போனா. நாலு நாளுக்கு ஏன் அம்புட்டையும் காட்டுறான்னு எனக்குத் தோணலை. கோடை வந்துச்சு, போச்சு, ஆடியும் போச்சு. வரலை. போன் பண்ணினா எடுக்குறா. சாப்பிட்டீங்களா, மாத்திரையை நிறுத்திட்டாங்களான்னு எல்லாம் கேக்குறா. எப்ப வாரன்னு கேட்டா, இங்கயே இருக்கேங்கன்னு சொல்றா. சண்டை இல்ல. சண்டை போட்டா நான் போட்டுருவேன்ல? அதுக்கும் வழி இல்லாமப் பண்ணிட்டா.

எட்டு வருஷம் என் எச்சியைத் தொடைச்சவ. அடி வாங்கினவ. ஆமா, வலியில கையும் பட்டிருக்கும், இல்லைங்கலை. அத்தனையும் பொறுத்தவ, ஒரு வலியும் இல்லாம நல்லா இருக்குற புருஷனை விட்டுட்டுப் போறான்னா, என்ன காரணம்? ஒக்காந்து யோசிச்சேன். ஆபரேஷன் பண்ணினது எனக்கு, மாறினது அவ. அப்ப தப்பு எங்க நடந்திருக்கு? அந்த ஆஸ்பத்திரியிலதான். ஒண்ணு, அந்தம்மா உள்ள வேற எதையோ தொட்டிருக்கு, அதான் எனக்குக் கோவம் வருது. இல்ல, அந்தப் பஞ்சு எதையோ அழுத்துது. இல்லன்னா, நான் மயக்கத்துல கெடக்கையில வெளிய இவகிட்ட என்னமோ சொல்லிக் குடுத்திருக்கு.

காலையில போய் இதை அப்படியே கேட்டேன். அந்தம்மா கோவப்படலை. புதுசா ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பாத்துச்சு. பஞ்சு வச்ச எடத்துலதான் இருக்கு, எதையும் அழுத்தலை, மூளையில ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லிச்சு. அப்ப என் வீட்டுக்காரி ஏன் போனான்னு கேட்டேன். அது ஸ்கேன்ல தெரியாது ஐயாங்குது.

சரி, திறந்து அந்தப் பஞ்சை எடுத்திருங்கன்னேன்.

அந்தம்மா பேனாவை மூடி மேசையில வச்சுச்சு. "எடுத்தா வலி திரும்ப வரும்"னு சொல்லிச்சு.

"வரட்டும்"னேன்.

வெளிய சனம் காத்துக்கிட்டு இருக்கு. அந்தம்மா என்னையே பாத்துச்சு. அன்னைக்கு ரசம் சிந்தினப்ப இவ பாத்தாளே, அதே பார்வை. பொம்பளைங்க எல்லாரும் ஒரே எடத்துல படிச்சுட்டு வருவாங்க போல. அப்புறம் ரொம்ப மெதுவா, உங்களுக்கு வலி வேணுமாய்யான்னு கேட்டுச்சு. வலி வேணும்னு எவனாச்சும் சொல்லுவானா? பஞ்சை எடுங்கன்னுதான் சொல்றேன்னு சொன்னேன். அதுக்குப் பக்கத்துக் கட்டடத்துல ஒரு டாக்டர் இருக்காரு, அவர்கிட்டக் கொஞ்சம் பேசிப் பாருங்க, நான் சொல்லி அனுப்புறேன்னு சொல்லிச்சு. யாரு தெரியுமா? பைத்தியக்கார டாக்டரு. பஞ்சை வச்சது இந்தம்மா, பைத்தியம் நானாம். மேசையில இருந்ததை எல்லாம் ஒரு தள்ளு தள்ளிவிட்டுட்டு வந்துட்டேன். செக்யூரிட்டி வந்து படி வரைக்கும் கொண்டாந்து விட்டான்.

உங்கம்மா கட்டியை எடுக்கலாம் தம்பி. நல்லாத்தான் எடுக்கும். அந்தம்மாவுக்குக் கை சுத்தம். அதுல நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா அது என்னத்தை எடுக்குதோ அதை மட்டும்தான் எடுக்கும். மிச்சம் இருக்குறதை உங்க தலையில கட்டிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிரும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

ஆஸ்பத்திரியில இருந்து நேரா ரேணுகா வீட்டுக்குப் போனேன். கொய்யாப் பழம் வாங்கிட்டுப் போனேன். எதுக்கு வாங்கினேன்னு தெரியலை, கடையைப் பாத்ததும் வாங்கினேன். கதவைத் தட்டினேன். கனகவல்லிதான் திறந்தா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. புதுசா ஒரு கண்ணாடி போட்டிருக்கா. உள்ள ஃபேன் சுத்துது, பேத்தி தரையில என்னமோ கிறுக்கிக்கிட்டு இருக்கு. வாங்கன்னு சொல்ல வாயெடுத்தா. எதுக்கு வந்தேன்னு நெனச்சாளோ, சொல்லலை.

நான் கெளம்புறியா இல்லையான்னு கேக்கத்தான் போனேன். நிஜமாச் சொல்றேன், அதைத்தான் கேக்க வாயைத் திறந்தேன். அவ அப்படி நிக்கிறதைப் பாத்ததும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. கன்னத்துல சுரீர்னு இருந்துச்சு. இருந்த மாதிரி இருந்துச்சு. ஐயோன்னு கன்னத்தைப் பொத்திக்கிட்டு நெலைக்கதவுல சாஞ்சுட்டேன். கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். அவ ஓடி வருவான்னு தெரியும். அவ கொலுசுச் சத்தம் எனக்கு அம்புட்டுப் பழக்கம்.

சத்தம் வரலை. கண்ணைத் திறந்து பாத்தேன். ஓடி வரலை, மெதுவா வந்தா. ரொம்பக் கிட்ட வந்து நின்னா. நான் பொத்தியிருந்த கையைப் பாத்தா. கோவமே இல்ல தம்பி அவ மூஞ்சியில. எட்டு வருஷம் சோறு ஊட்டுறப்ப இருந்த அதே மூஞ்சி. அப்புறம் தன்னோட வலக் கன்னத்துல ஒரு விரலை வச்சுக் காட்டினா.

"இந்தப் பக்கங்க"ன்னு சொன்னா.

வலது கையில கொய்யாப் பை இருந்துச்சு. அதான் இடது கை போயிருச்சு. யாருக்கும் வர்றதுதான?

என் கையில இருந்து பையை வாங்கிக்கிட்டு உள்ள போனா. கதவைச் சாத்தலை. திறந்துதான் கெடந்துச்சு. உள்ள அவ பழத்தைக் கழுவுற சத்தம் கேட்டுச்சு, பேத்தி எனக்கு எனக்குன்னு கேக்குற சத்தம் கேட்டுச்சு. நான் வாசல்லயே நின்னேன். கட்டினவன் வாசல்ல நிக்கிறேன், உள்ள வாங்கன்னு ஒருத்தராச்சும் வந்து கூப்பிடணுமா இல்லையா? எம்புட்டு நேரம் நிக்கிறது? கால் கடுத்துப் போச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.